கொன்ற மீனும் விட்ட மீனும்: காட்சிக்கு வைத்த இரண்டு மர்லின்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு ஒரு பொழுதுபோக்கு மீன்பிடிப் படகில் நடந்தது. கேப்டன் படகை ஓட்டுவார். இரை கட்டுவது, கொக்கி பார்ப்பது, மீன் அருகே வந்ததும் கையாள்வது என் வேலை. பெரிய மீனோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவற்றை அப்போதே திரும்பக் கடலில் விட்டுக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. மீன் மிகப் பெரியதாக இருந்து, அதைப் பாடம் செய்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் கரைக்குக் கொண்டுவருவோம். நாங்கள் மீன் பிடித்த கடற்பகுதியில் அதற்குச் சட்டத் தடை இல்லை. இந்த விதிவிலக்கு எப்போது வந்தது, யார் சொல்லி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் எங்கள் இருவருக்குமே நினைவில்லை. வழக்கம் என்பதால் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டோம்.

இதில் வரும் இரண்டு மீன்களும் நீல மர்லின்கள். மயில்மீனின் நெருங்கிய உறவு இது. ஈட்டி போல நீண்ட அலகும், உயிரோடு இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் கருநீல முதுகும் கொண்டது. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன. நீல மர்லினில் ஆண் மீன் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. பெண் மீனோ பல நூறு கிலோ வரை வளரும். 1992இல் பிரேசிலின் விட்டோரியாவுக்கு அருகே பிடிபட்டு உலக சாதனையாகப் பதிவான மீனின் எடை 636 கிலோ. ஆகவே 'சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரியது' என்று யாராவது ஒரு நீல மர்லினைக் காட்டினால், அது பெண் மீன் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011 மதிப்பீட்டில் இந்த இனத்தை அழிவு அபாயம் உள்ள இனங்களின் பட்டியலில் வைத்தது. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விதிவிலக்கை வைத்திருந்தோம்.

முதல் மீன்

முதல் வாடிக்கையாளர் ஐம்பதைக் கடந்தவர். மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தும் அவருக்குப் பெரிய மீன் எதுவும் அமையவில்லை. நான்காவது முறை, காலை 10 மணி வாக்கில் ஒரு மர்லின் இரையை எடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுபறி. மீன் படகின் பக்கவாட்டுக்கு வந்தபோது அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "கேப்டன், இது வீட்டுக்கு வேணும்" என்றார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். மீனைக் குத்திப் படகுக்குள் இழுக்கும் இழுகொக்கியை நான் எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு கணத்தைப் பற்றிப் பிறகு நிறையப் பேசியிருக்கிறோம். மூன்று பேருமே களைத்திருந்தோம், மூன்று பேருமே மகிழ்ச்சியில் இருந்தோம். எதிரில் இருப்பவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர். அந்த நேரத்தில் 'வேண்டாம் சார்' என்று சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை. மீனைக் கொல்வதா விடுவதா என்ற முடிவை எடுப்பதற்கு அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது.

கரையில் எடை போட்டோம். 284 கிலோ. தூக்கிலேற்றியது போல வாலில் கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்தார்கள். வந்தவர், போனவர் எல்லாரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அது வெயிலில் தொங்கியது. அப்புறம் அறுத்தபோது வயிறு முழுக்கச் சினை. இறைச்சியில் ஒரு பகுதி வெயிலில் கெட்டுவிட்டது. மீதியை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் தயக்கம் இருந்தது. இவ்வளவு பெரிய, வயதான மர்லினின் சதையில் பாதரசம் அதிகமாகச் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மர்லினைத் தவிர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்வது அதனால்தான்.

ஸ்டுடியோ கேட்ட கேள்வி

பாடம் செய்யும் ஸ்டுடியோ ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தோம். தோலை எப்படி உரிக்க வேண்டும், உறையவைத்து அனுப்பலாமா என்று கேட்டேன்.

"தோல் எதுவும் வேண்டாம். நீளமும் சுற்றளவும் சொல்லுங்க, போதும். உயிரோட இருந்தப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கா?" என்றார் அங்கிருந்தவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சிறிய நன்னீர் மீன்களுக்கு இன்றும் தோலைப் பயன்படுத்துகிறார்கள். தோலை உரித்துப் பதப்படுத்தி, நுரையில் செதுக்கிய உடல் வடிவத்தின் மேல் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் வைப்பார்கள். மர்லின் போன்ற பெரிய கடல்மீன்களுக்கு அந்த முறை சரிவராது. தோலிலும் தலை எலும்புகளிலும் உள்ள எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், மஞ்சள் கறை படியும். துடுப்புகள் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் அவர்களிடம் பல அளவுகளில் மர்லின் அச்சுகள் உண்டு. அச்சில் ஃபைபர்கிளாஸும் பிசினும் இட்டு வார்த்து, வண்ணம் பூசி அனுப்புவார்கள். வாடிக்கையாளர் விரும்பினால் அவருடைய மீனின் அலகை மட்டும் பொருத்தித் தருவதுண்டு. மற்றபடி அந்தப் பிரதியில் அந்த மீனின் ஒரு செதிள்கூட இருக்காது.

இன்னொன்றும் சொன்னார். தோலை வைத்துப் பாடம் செய்தாலும் நிறம் முழுக்க வண்ணப்பூச்சுதான். மீன் செத்தால் நிறம் போய்விடும். மர்லின் விஷயத்தில் அது நிமிடங்களில் நடக்கும். சீற்றத்தில் இருக்கும் மர்லினின் உடலில் வெளிர்நீலப் பட்டைகள் விளக்கு போட்டது போல எரியும், செத்த சிறிது நேரத்தில் உடல் முழுக்கச் சாம்பலும் செம்பழுப்புமாக மங்கிப்போகும். எங்களிடம் இருந்த ஐம்பது, அறுபது படங்களும் கரையில் தொங்கவிட்டு எடுத்தவை. அத்தனையும் சாம்பல் நிறம். ஓவியருக்கு அவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

அதாவது பிரதிக்குத் தேவையான அளவுகளையும் நிறத்தையும் உயிரோடு இருந்த மீனிடமிருந்தே பெற்றிருக்கலாம். அதைக் கொன்றதால் நிறத்தைத்தான் இழந்தோம்.

இதை வாடிக்கையாளரிடம் மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தோம். மறைக்கக் கூடாது என்று கேப்டன் சொன்னார், அவரே பேசினார். மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ எதுக்கு கேப்டன் கொன்னோம்?" அவர் எங்களைக் குறை சொல்லவில்லை, 'கொன்னோம்' என்றுதான் சொன்னார்.

இடைப்பட்ட மாதங்களில் எடுத்த முடிவுகள்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினோம். படித்ததில் எங்கள் முடிவை மாற்றியவை இரண்டு.

ஒன்று, பெரிய பெண் மீன்களின் மதிப்பு. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு 342 வகைக் கடல்மீன்களை எடுத்துக்கொண்டது. மீன் இரண்டு மடங்கு பெரிதானால் முட்டையும் இரண்டு மடங்காகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான இனங்களில் அப்படி இல்லை, உடல் எடை கூடுவதைவிட வேகமாக இனப்பெருக்கத் திறன் கூடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அதில் வரும் காட் மீன் உதாரணம் மனதில் நின்றுவிட்டது: 30 கிலோ எடையுள்ள ஒரு தாய் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடுகட்ட 2 கிலோ மீன்கள் 28 வேண்டும். அவற்றின் மொத்த எடை 56 கிலோ. மர்லின் அந்த உதாரணத்தில் இல்லைதான். ஆனாலும் சினையோடு தொங்கிய அந்த 284 கிலோ மீனை நினைக்காமல் என்னால் அந்தக் கணக்கைப் படிக்க முடியவில்லை.

இரண்டாவது, விட்டால் பிழைக்குமா என்ற கேள்வி. 'விட்டாலும் எப்படியும் செத்துத்தான் போகும்' என்று படகுத்துறையில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வெள்ளை மர்லின்களின் உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டுப் பார்த்தார்கள். வழக்கமான ஜே வடிவக் கொக்கியில் பிடிபட்டவற்றில் 65 விழுக்காடு பிழைத்தன. முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கியில் பிடிபட்டவை அத்தனையும் பிழைத்தன. ஜே கொக்கியை மீன் விழுங்கினால் அது தொண்டையிலோ வயிற்றிலோ குத்தும். வட்டக் கொக்கி பெரும்பாலும் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டும். நாங்கள் அதுவரை ஜே கொக்கிதான் பயன்படுத்தினோம். 'விட்டுவிட்டோம்' என்று நிம்மதியாக இருந்த மீன்களில் எத்தனை பிழைத்தனவோ, நினைக்கவே சங்கடமாக இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் முடிவுகள் எடுத்தோம். காட்சிக்காக மீனைக் கொல்வதில்லை. இயற்கை இரை போடும்போது வட்டக் கொக்கி மட்டும்தான். இந்த இரண்டையும் முன்பதிவு செய்யும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால்தான் பயணம். மூன்றாவதாகச் சொன்னதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மீன் கண்ணெதிரே வந்த பிறகு பேசத் தொடங்கினால் பேச்சு எடுபடாது. அதை முதல் மீனில் பார்த்துவிட்டோம்.

கேப்டனுக்கு வருமானம் பற்றிய பயம் இருந்தது. அது நியாயமான பயம். பக்கத்துப் படகுகள் எல்லாம் எடைக் கம்பத்தில் மீனைத் தொங்கவிட்டுத்தான் விளம்பரமே செய்தன. இரண்டு முன்பதிவுகள் உடனே ரத்தாயின. ஒருவர், "பிளாஸ்டிக் மீனைக் காட்டி நான் பிடிச்சேன்னு சொல்லவா?" என்று கேட்டார். அவரோடு வாதாடவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிடித்த மீனின் உடலையே வைத்துக்கொள்வதில் ஒரு நெருக்கம் இருக்கிறது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். மர்லின் விஷயத்தில் அந்த நெருக்கம் கொன்றாலும் கிடைக்காது என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

இன்னொரு நண்பர் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: அந்த அச்சுகளை எடுக்க முதலில் ஒரு மீன் சாகத்தானே வேண்டியிருந்தது? ஆமாம். ஒவ்வோர் அச்சுக்குப் பின்னாலும் ஒரு செத்த மீன் இருக்கிறது. ஆனால் ஒரே அச்சிலிருந்து பிரதிகளை ஆண்டுக்கணக்கில் வார்த்துக்கொண்டே இருக்கலாம். மீனைப் பிடிப்பதே அதற்கு வதைதானே என்றும் அவர் சொன்னார். அதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. கையாளும் நேரத்தைக் குறைக்கலாம், கொக்கியை மாற்றலாம், அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிந்தது.

இரண்டாவது மீன்

முதல் நிகழ்வு நடந்து 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். தூண்டில் மகளுடையது, அப்பா துணைக்கு வந்தவர். எங்கள் விதிகளை முன்கூட்டியே படித்திருந்தார்கள். பெரிய மீன் கிடைத்தால் பிரதி செய்துகொள்ளலாம் என்றும் பேசி வைத்திருந்தோம்.

கிளம்பும் முன் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். கேப்டன் படகைப் பார்ப்பார். தூண்டில் நரம்பில் கொக்கிக்கு அருகே உள்ள தடித்த பகுதியான லீடரைப் பிடித்து மீனை நான் கையாள்வேன். படம் எடுப்பது அப்பாவின் பொறுப்பு. முழுப் பக்கவாட்டுப் படம் ஒன்று, தலை ஒன்று, விரிந்த முதுகுத் துடுப்பு ஒன்று, வால் ஒன்று, தழும்போ புள்ளியோ இருந்தால் அதுவும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீளம் அளக்க மிதக்கும் நாடா, சுற்றளவுக்கு மெல்லிய கயிறு.

பிற்பகல் 1.20க்கு மீன் மாட்டியது. 50 நிமிடத்தில் படகருகே வந்துவிட்டது. முதல் மீனின் இழுபறியில் பாதிக்கும் குறைவு. கனமான தூண்டிலும் ரீலும் பயன்படுத்தியது வேண்டுமென்றேதான். இழுபறி நீள நீள மீனின் தசையில் களைப்பு சேர்ந்து, விட்ட பிறகு மீள்வது கடினமாகும். கொக்கி வாயின் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது, ரத்தம் இல்லை.

மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கவே இல்லை. கையுறை போட்ட கையால் அலகைப் பிடித்து, படகை மெதுவாக முன்னே ஓட்டச் சொன்னேன். மர்லின் நின்ற இடத்தில் மூச்சு வாங்க முடியாது. வாயைத் திறந்தபடி முன்னேறி நீந்தும்போது செவுள் வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் அதற்கு மூச்சு. படகின் வேகம் அந்த ஓட்டத்தைக் கொடுத்தது.

கீழ்த்தாடையின் நுனியிலிருந்து வாலின் பிளவு வரை அளந்தோம்: 290 செ.மீ. அலகு உடைந்தும் தேய்ந்தும் போவதால் அதைச் சேர்க்காமல் கீழ்த்தாடையிலிருந்து அளப்பதுதான் முறை. அடுத்து சுற்றளவு. கயிற்றை வயிற்றுக்கு அடியில் விட்டு எடுக்க முயன்றேன், அலையில் நழுவியது. இரண்டாவது முறையும் நழுவியது. மீன் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"போதும். விடு" என்றார் கேப்டன்.

சுற்றளவு இல்லாமல் எடை சொல்ல முடியாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எடையைப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பிரதிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று காலையில் ஆசையோடு சொல்லியிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "பரவாயில்லை, விடுங்க" என்றார். முடிவு பத்து விநாடியில் நடந்துவிட்டது. காலையிலேயே பேசி வைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

மறுபடி எங்காவது பிடிபட்டால் இதே மீன் என்று தெரிவதற்கான சிறிய அடையாள அட்டையை முதுகுத் தசையில் குத்தினோம். கொக்கியைக் கழற்றி, அலகைப் பிடித்தபடியே படகை இன்னும் மெதுவாக ஓட்டினோம். ஏழாவது நிமிடத்தில் பக்கவாட்டில் நீலப் பட்டைகள் திரும்பத் தெரிந்தன. ஒன்பதாவது நிமிடத்தில் வால் வலுவாக அடித்தது. நான் கையை எடுத்தேன். ஆழத்துக்குள் போகும் வரை தெளிவாகத் தெரிந்தது. அப்பா படம் எடுப்பதை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதி உருவான விதம்

எடை பற்றி முதலில். மீன்பிடிப்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: நீளத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் எடை பவுண்டில் வரும். செ.மீ. எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 28,900ஆல் வகுத்தால் கிலோ. படங்களைப் பார்த்து நாங்கள் ஊகித்த சுற்றளவு 150 முதல் 165 செ.மீ. வரை. 150 என்றால் எடை 226 கிலோ, 165 என்றால் 273 கிலோ. சுற்றளவில் 15 செ.மீ. வேறுபாடு 47 கிலோ வேறுபாடாக மாறுகிறது, ஏனென்றால் கணக்கில் அதன் வர்க்கம் வருகிறது. தகட்டில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். அந்தப் பெண் மறுத்துவிட்டார். நீளமும் நாளும் மட்டும் போதும் என்றார்.

ஸ்டுடியோவில் இருந்த மிக நெருக்கமான அச்சு எங்கள் மீனைவிடச் சற்றுச் சிறியது. வார்த்த உடலை நடுவில் வெட்டி, ஒரு பட்டை சேர்த்து ஒட்டி, இணைப்பைத் தேய்த்துச் சமன் செய்தார்கள். துடுப்புகளும் அலகும் தனியாக வார்த்துப் பொருத்தப்பட்டன. வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் காற்றுத் தூரிகையால் அடுக்கடுக்காக நிறம், முத்துப் பளபளப்புத் தரும் பொடி, கடைசியில் தெளிவான மேல்பூச்சு.

முதல் வண்ணம் சரியாக வரவில்லை. ஓவியர் அனுப்பிய படத்தில் மீன் முழுக்க ஒரே நீலமாக இருந்தது, எந்தக் கடையிலும் தொங்கும் மர்லின் போல. எங்கள் படங்களிலும் குறை இருந்தது. பாதிப் படங்களில் நீர்ப்பரப்பின் மினுமினுப்பு நிறத்தை மறைத்திருந்தது, வாலின் படம் எடுக்கவே இல்லை. நல்லவேளையாக அப்பாவின் கைப்பேசியில் 40 விநாடிக் காணொளி ஒன்று இருந்தது. அதிலிருந்து காட்சிகளை எடுத்து அனுப்பினோம். அதில்தான் இடப்பக்க மார்புத் துடுப்புக்குப் பின்னால் ஒரு வெளிறிய தழும்பு இருப்பது தெரிந்தது. அதை மகள்தான் கவனித்துச் சொன்னார். ஓவியர் அந்தத் தழும்பை வரைந்தார், முதுகின் நீலம் வயிற்றின் வெள்ளியில் கலக்கும் இடத்தையும் மாற்றினார். 'பிரதி பொய்' என்ற வாதத்துக்கு ஒரு பதில் இருக்குமென்றால் அந்தத் தழும்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு மீனை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆறு மாதத்தில் பிரதி வந்து சேர்ந்தது. எடை குறைவு, இரண்டு பேர் தூக்கி மாட்டிவிட்டார்கள். பூச்சி அரிக்காது, எண்ணெய் கசியாது. நேர் வெயில் படாத சுவராகப் பார்க்கச் சொன்னோம், வண்ணம் வெளுக்காமல் இருக்க.

பின்விளைவு

விதி மாற்றிய முதல் ஆண்டில் வருமானம் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பழைய அளவுக்கு வந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம், எங்கள் முடிவால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அருகில் உள்ள படகுகளில் இரண்டு காட்சிக்காகக் கொல்வதை நிறுத்தின. மற்றவை நிறுத்தவில்லை.

முதல் வாடிக்கையாளர் மறுபடி வந்தார். அவருடைய பிரதி வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அதைக் கழற்றிவிடலாமா என்று யோசித்ததாகவும், பார்க்க வருபவர்களிடம் நடந்ததைச் சொல்வதற்காக வைத்திருப்பதாகவும் சொன்னார். இந்த நிகழ்வைப் பெயரில்லாமல் எழுத அனுமதி கேட்டபோது, சினை இருந்ததை விட்டுவிடாமல் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

சாதனைப் பட்டியலில் இடம்பெறும் ஆசை உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் எடையை வைத்தே சாதனைகளைப் பதிவு செய்துவந்தது. பெரிய மீனை முறைப்படி எடை போடக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், அது பெரும்பாலும் மீனின் சாவில்தான் முடியும். அழிவு அபாயத்தில் உள்ள 85 இனங்களுக்கும் இப்படிச் சாதனைப் பதிவு இருப்பதை 2014இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டி, அவற்றுக்கு எடைச் சாதனையை நிறுத்தக் கோரியது. நீளத்தை அளந்து உயிரோடு விடும் மீன்களுக்கான பிரிவை அந்தச் சங்கம் 2011லேயே தொடங்கியிருந்தது. எல்லா இனங்களுக்கும் அது பொருந்தாது, ஆனால் இப்போது கேட்பவர்களிடம் சொல்கிறோம்.

குத்திய அட்டை பற்றி எந்தத் தகவலும் இதுவரை வரவில்லை. வராமலே போகலாம், திரும்பக் கிடைக்கும் அட்டைகள் மிகக் குறைவு. அமெரிக்காவின் டெலவேர் கடற்கரைக்கு அப்பால் அட்டை குத்தி விட்ட ஒரு நீல மர்லின் இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் அருகே பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பெண் மாதம் ஒருமுறை செய்தி அனுப்பிக் கேட்கிறார். இன்னும் இல்லை என்றுதான் சொல்லிவருகிறேன்.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

ஸ்டுடியோவை முதலிலேயே கேட்டிருப்போம். ஒரு தொலைபேசி அழைப்பு, ஐந்து நிமிடப் பேச்சு. மீனைப் பிடிக்கும் முன்பே அதைச் செய்திருந்தால் முதல் மீன் செத்திருக்காது. இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு அது தோன்றவில்லை என்பதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

சுற்றளவுக்கு இப்போது ஒரு முனையில் சிறிய ஈயக் குண்டு கட்டிய, 10 செ.மீ.க்கு ஒரு நிறக் குறியிட்ட கயிறு வைத்திருக்கிறோம். குண்டு தானாக அடியில் போய்விடுவதால், மறுபக்கம் ஒரு கம்பியால் இழுத்துக்கொள்ளலாம். ஒரே முயற்சிதான். கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம், நீளம் இருந்தாலே பிரதி செய்ய முடியும்.

புகைப்படத்தை நம்பாமல் காணொளியை முதன்மையாக வைத்திருக்கிறோம். ஒளியின் மினுமினுப்பைக் குறைக்கும் துருவக் கண்ணாடி கேமராவில் மாட்டியிருக்கிறோம். மீன் இரண்டு பக்கமும் தெரியுமாறு படகைச் சற்று வளைத்து ஓட்டுவதும் பழகிவிட்டது. சுவரில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டப் போகிறோம் என்பதை வாடிக்கையாளர் பின்னால் மாற்றிக்கொண்டால் அந்த மறுபக்கப் படம் தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில மீன்கள் பிழைக்காது. கொக்கி செவுளில் குத்தி ரத்தம் கொட்டி, கண்முன்னே செத்துப்போன மீன் ஒன்று சென்ற பருவத்தில் இருந்தது. அதன் வாடிக்கையாளர் பிரதி செய்யக் கேட்டார். மீன் எப்படியும் செத்துவிட்டது, அளவெடுத்துக் கொடுத்தால் என்ன என்பது கேப்டனின் கருத்து. செத்த மீனுக்கும் பிரதி உண்டு என்று ஆகிவிட்டால், அடுத்தவர் காத்திருக்கும்போது மீனை உயிரோடு விட எங்கள் கை கொஞ்சம் சோம்பிப்போகும் என்பது என் பயம். அந்த மீனின் அளவுகளையும் சினையின் மாதிரியையும் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிட்டோம், பிரதிக்கு ஸ்டுடியோவை அழைக்கவில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் இதையும் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.